ஆமைகள் கற்ற வாணிகம்

"அது அவன் கைராசி!" பொருள் ஈட்டியவனைக் கண்டதும் ஊரார் உரைக்கும் முதற்சொல் இது. இழந்தவனைக் கண்டாலோ, "அவன் தலையெழுத்து!" என்பர். தலைக்கு மேலே எழுத்தைக் கண்டுபிடித்த கூர்மதியாளர், தலைக்கு உள்ளே இருப்பதைக் காண மறந்தனர்!

திறமை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா? இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுக் கேட்டுச் செவி புளித்த வழக்கு. ஆனால், அதனைச் சொல்லால் வாதிடாமல், கைப்பொருளைக் கட்டிச் சோதித்துப் பார்த்த இருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. இடம், அமெரிக்க நாட்டுச் சிகாகோ. ஆண்டு, 1983.

ஒருவர் ரிச்சர்ட் டென்னிஸ். 1949ஆம் ஆண்டு பிறந்தவர். பதினேழு வயதிலே சிகாகோ வாணிகச் சந்தையில், வாங்கு–விற்பு ஆணைச் சீட்டுகளைச் சுமந்து ஓடும் சிறுவராகச் சேர்ந்தார். களத்தில் இறங்கி வாணிகம் புரிய இருபத்தோரு வயது நிறைய வேண்டுமென்பது விதி. எனவே, மகன் வெளியே நின்று சைகை காட்ட, தந்தை உள்ளே நின்று வாங்கினார், விற்றார்! பின்னர்க் குடும்பத்தாரிடம் 1,600 டாலர் கடன் பெற்றார். அதில் 1,200 டாலர், சிறிய சந்தை ஒன்றில் இடம் வாங்கவே சென்றது. கையில் எஞ்சியது 400. அந்த நானூறு, அவர் இருபத்தாறு வயதை எட்டுமுன் பத்து லட்சமாயிற்று. பின்னர்ப் பல கோடியாயிற்று.

மற்றவர் வில்லியம் எக்கார்ட். டென்னிசின் பள்ளித் தோழர், கணிதம் கற்றவர். கணிதம் கற்றவரே, "இத்திறனை விதிகளாக்கிப் பிறர்க்கு ஊட்ட இயலாது, இது சிலருக்கே வாய்த்த ஒன்று" என்று வாதிட்டார் என்பது வியப்பு. படிப்பை நடுவில் விட்டுச் சந்தைக்கு ஓடிய டென்னிசோ, "எவர்க்கும் கற்பிக்கலாம்" என்றார். சிங்கப்பூரில் தொட்டியிலே ஆமைகள் வளர்க்கப்படும் பண்ணையைக் கண்டுவந்தவர் அவர்; ஆமைகளை வளர்ப்பதுபோல் வாணிகரையும் வளர்ப்போம் என்றார். பயிற்சி பெற்றோர்க்கு 'ஆமைகள்' என்ற பெயரும் நிலைத்தது.

செய்தித்தாள்களில் விளம்பரம் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். சரி–தவறு வினாக்களாலும் நேர்முகத்தாலும் சலித்தெடுக்கப்பட்டோர், இரண்டு குழுக்களிலும் சேர்த்து, இருபதுக்குச் சற்றே மேல். அவர்கள் யார்? சீட்டாட்டத்தில் தேர்ந்தவர், நடிகர், காவலாள், கணக்கெழுதுபவர், விளையாட்டுகளை வடிவமைப்பவர், பத்தொன்பது வயது இளைஞர்! வாணிகக் குலம், வழிவழி வந்த செல்வம் என்ற முத்திரை அங்கே கேட்கப்படவில்லை. ஆயினும் முதற்குழுவில் பெண் ஒருவரே இருந்தார் என்பதையும் நாம் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடம் இரண்டே வாரம். மறைபொருள் ஏதுமில்லை, மந்திரமும் இல்லை. ஒரு சரக்கின் விலை கடந்த 20 நாள்களின் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு. 20 நாள்களின் தாழ்வுக்குக் கீழே இறங்கினால் விற்றுவை. இதையே 55 நாள் கணக்கிலும் செய்யலாம். ஒரு நாளில் அச்சரக்கின் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று அளந்துகொள். அதிகம் துள்ளும் சரக்கைக் குறைவாக வாங்கு. அந்த ஆட்டத்தின் இரு மடங்கு உனக்கு எதிராகப் போனால், காரணம் தேடாதே, கண்ணீர் விடாதே, வெளியேறிவிடு. ஒரு முயற்சியில் முதலில் நூற்றுக்கு இரண்டுக்குமேல் இழவாதே. சர்க்கரை, காப்பி, பருத்தி, பொன், எண்ணெய், அயல்நாட்டு நாணயம் ஆகிய அனைத்துக்கும் இதுவே விதி.

பள்ளிச் சிறுவன் மனனம் செய்யக்கூடிய பாடந்தான். ஆனால் கடைப்பிடிப்பதோ? இம்முறையில் வெற்றியைவிடத் தோல்விகளே எண்ணிக்கையில் மிகுதி. பத்துச் சிறு நட்டங்களைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவனுக்குத்தான், எப்போதோ வரும் ஒரு பெரிய ஏற்றம் கிட்டும். முதல் மாதத்திலேயே இது விளங்கிற்று. வீடுகளைச் சூடேற்றும் எண்ணெயின் விலை ஏறத் தொடங்கியது. ஒரே ஆசான், ஒரே பாடம், ஒரே அறை; எனினும் விதி அனுமதித்த முழு அளவுக்கு வாங்கியவர் தாம் ஒருவரே என்று, அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் கர்டிஸ் ஃபெய்த், 2007இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். மற்றவர்கள் பாடத்தை அறிந்திருந்தனர், அஞ்சினர்.

நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் நடந்தது திட்டம். மாணவர் ஈட்டியது பத்துக் கோடி டாலருக்கு மேல் என்பர். எக்கார்ட் தம் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கருத்தைவிடச் சான்றைப் பெரிதாக மதித்த அந்தப் பண்புக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் வெற்றி முழக்கத்தோடு நிறுத்திக்கொள்வது பகுத்தறிவாகாது. ஆயிரவரைச் சலித்து இருபதின்மரை எடுத்தபின், அவர்களை 'எவரும்' என்று அழைக்கலாமா? பொறுக்கி எடுத்த விதையை வைத்து, எல்லா விதையும் முளைக்கும் என்று கூறலாமா? கைராசிக் கதையை இச்சோதனை தகர்த்தது. எல்லோராலும் இயலும் என்பதை மெய்ப்பிக்கவில்லை. விதிகளை வகுத்த ஆசானே 1987–88இல் பெருநட்டம் கண்டார். அவரை நம்பிப் பிறர் பணம் போட்ட நிதிகள் ஏறத்தாழப் பாதியை இழந்தன. 1988இல் அவர் விலக, திட்டமும் முடிந்தது. மாணவருள் ஜெர்ரி பார்க்கர் போன்றோர் தத்தம் நிறுவனம் அமைத்துத் தொடர்ந்தனர். எல்லோரும் அவ்வாறு நிலைக்கவில்லை.

இன்னொன்று. ஆமைகள் இழந்திருந்தால், இழந்தது யார் பணம்? டென்னிசின் பணம்! மாணவர்க்கு இலாபத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு, நட்டத்தில் பங்கில்லை. உலைக்கு அரிசி வாங்க வைத்த பணத்தைக் கட்டி ஆடுபவனின் அச்சம் அவர்களுக்கு இல்லை.

அந்த அச்சத்தோடு ஆடுவோர் நிலை என்ன? இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வாணிகத்தில் இறங்கிய தனிமனிதர் ஒரு கோடிக்கு மேல். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும், ஆமைகளின் விதிகள் 2003 முதல் எவரும் காசின்றிப் படிக்கும்படி கிடைத்தவையே.

"மூன்றே நாளில் சந்தையை வெல்லக் கற்பிக்கிறோம், கட்டணம் இவ்வளவு" என்று அழைப்போரிடம் செல்ல எண்ணும் இளைஞர், ஒரு வினாவைக் கையோடு கொண்டுசெல்லட்டும். டென்னிஸ் தம் மாணவரிடம் கட்டணம் வாங்கவில்லை. வாணிகம் புரியத் தம் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அழைக்கும் ஆசானே, நீர் எவ்வளவு கொடுப்பீர்?