ஐரோப்பிய வானில் செய்தி கடந்த வரலாறு

1922 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் வட பிரான்சின் பிகார்டி வட்டாரத்தில் பனிமூட்டம் கவிந்திருந்தது. இலண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து அஞ்சல் பைகளுடன் பாரிசை நோக்கி ஒரு வானூர்தியும், பாரிசிலிருந்து பயணிகளுடன் கிராய்டனை நோக்கி மற்றொன்றும் பறந்து கொண்டிருந்தன. அக்காலத்து வானோடிகள் தரையிலுள்ள நெடுஞ்சாலையையும் இருப்புப் பாதையையும் வழிகாட்டியாகக் கொண்டு தாழப் பறப்பது வழக்கம். அன்று அவ்விருவரும் ஒரே சாலையைப் பின்பற்றி எதிரெதிரே வந்து மோதினர். எழுவர் மாண்டனர். பயணிகள் வானூர்திகள் நடுவானில் மோதிக்கொண்ட முதல் விபத்து இதுவேயாம். எதிரே ஒருவர் வருகிறார் என்ற ஒரு சொல் அவர்களுக்கு முன்கூட்டியே எட்டியிருப்பின் அவ்விபத்து நேர்ந்திராது.

அந்த ஒரு சொல்லை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பிப்பதற்கு ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட முயற்சி நூறாண்டைக் கடந்தும் முற்றுப்பெறவில்லை. கிராய்டனில் 1920 இலேயே வானொலி பொருத்திய கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய பிரெடரிக் மாக்போர்டு என்பவரே, இடருற்ற வானோடி எழுப்ப வேண்டிய அபயக் குரலாக 'மேடே' என்னும் சொல்லை 1920களின் தொடக்கத்தில் அமைத்தார். தந்தியில் வழங்கிய 'எஸ்.ஓ.எஸ்.' இருக்க, புதுச்சொல் எதற்கு என வினவலாம். பேச்சு வானொலியின் இரைச்சலில் 'எஸ்' என்னும் ஒலி தெளிவாகக் கேட்பதில்லை. அன்றியும், கிராய்டனின் போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிசோடு நடந்தது. ஆதலின், 'எனக்கு உதவுக' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி அச்சொல் பிறந்தது. இரு நாட்டார் செவிக்கும் ஒருங்கே பொருந்துமாறு ஆக்கப்பட்ட அச்சொல்லை மொழியாசிரியர்கள் வியவாதிருக்க இயலாது.

வானோடியும் தரையும் பேசிக்கொள்வது ஒருபுறமிருக்க, தரை தரையோடு பேசிக்கொள்வதும் வேண்டியிருந்தது. ஒரு வானூர்தி புறப்படுமுன், அதன் பெயர், வகை, வழி, உயரம், விரைவு ஆகியவற்றைக் கூறும் பறப்புத் திட்டம் வழியிலுள்ள நாடுகள் அனைத்திற்கும் சென்று சேர்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின், அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் நெறிகளுக்கு ஏற்ப, தொலையச்சுப் பொறிகளை இணைத்து உலகளாவிய ஒரு வலையம் பின்னப்பட்டது. ஒவ்வொரு நிலையத்திற்கும் எட்டு எழுத்து முகவரி உண்டு. அவற்றுள் முதல் நான்கும் இடத்தைக் குறிப்பன. வட ஐரோப்பிய நாடுகள் ஆங்கில எழுத்தாகிய 'இ'யிலும், தென் ஐரோப்பிய நாடுகள் 'எல்' என்பதிலும் தொடங்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் 'டபிள்யூ'வில் தொடங்குவது அதே ஏற்பாட்டின்படியே. தொலையச்சில் வந்த செய்தியைக் கட்டுப்பாட்டாளர் நீண்ட காகிதச் சீட்டுகளில் எழுதித் தம்முன் அடுக்கி வைப்பார். ஒரு சீட்டு ஒரு வானூர்தி. அச்சீட்டை இழந்தவர் வானூர்தியையே இழந்தவராவார்.

தாரை வானூர்திகள் வந்தபின் இம்முறை திணறியது. சிறு நாடுகள் நெருங்கிக் கிடக்கும் மேற்கு ஐரோப்பாவில், பெல்ஜியத்தைத் தாரை வானூர்தி சில நிமிடங்களில் கடந்துவிடும். ஒரு நாட்டின் கட்டுப்பாட்டாளர் செய்தியைப் படித்து முடிக்குமுன் வானூர்தி அடுத்த நாட்டில் இருக்கும். எல்லையே இல்லாத மேல்வானத்தை ஒரே அமைப்பு ஆளட்டும் என்று கருதி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்சு, மேற்கு செருமனி, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகள் 1960 டிசம்பர் 13 இல் பிரசல்சில் உடன்படிக்கை செய்தன. அவ்வாறு தோன்றியதே 'யூரோகண்ட்ரோல்'. உடன்படிக்கை 1963 இல் நடைமுறைக்கு வந்தது.

எண்ணியது நிறைவேறியதா எனின், இல்லை. வானம் படைத்துறைக்கும் உரியது என்றெண்ணிய பிரான்சும் பிரிட்டனும் தம் மேல்வானத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கவில்லை. அயர்லாந்தின் சானன் நிலையமும் செருமனியின் கார்ல்சுரூ நிலையமும் காலப்போக்கில் அந்தந்த நாடுகளின் கைக்கே சென்றன. எஞ்சியது நெதர்லாந்தின் மாசுட்ரிக்டு நிலையம் ஒன்றே. 1972 இல் பணி தொடங்கிய அந்நிலையம் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், வடமேற்குச் செருமனி ஆகியவற்றின்மேல் 24,500 அடிக்கு மேற்பட்ட வானத்தை இன்றும் ஆண்டு வருகிறது. வானத்தை ஒன்றாக்க இயலாத ஐரோப்பா, துண்டு துண்டான வானங்களைச் செய்தியால் தைக்கும் வேலையை மேற்கொண்டது. இந்நூல் எங்கெங்கு அறுந்ததோ அங்கெல்லாம் பெருந்துன்பம் விளைந்தது.

1976 செப்டம்பர் 10 இல் யூகோசுலாவியாவின் சாகிரெபு நகருக்கு அருகில் இலண்டனிலிருந்து இசுதான்புல் சென்ற வானூர்தியும், சுப்ளிட்டிலிருந்து கொலோனுக்கு ஏறிக்கொண்டிருந்த மற்றொன்றும் 33,000 அடி உயரத்தில் மோதி, இருந்தோர் 176 பேரும் மாண்டனர். இங்கு அறுந்தது நாட்டெல்லையில் அன்று. ஒரே அறைக்குள், நடு உயரத்தைக் காத்தவருக்கும் மேல் உயரத்தைக் காத்தவருக்கும் இடையே. ஏறிவரும் வானூர்தியைப் பற்றிய செய்தி முறையாகக் கைம்மாறவில்லை. பணிச்சுமையில் மூழ்கியிருந்த கட்டுப்பாட்டாளர் ஆபத்தைக் கடைசி நொடிகளில் உணர்ந்தபோது, பதற்றத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தம் தாய்மொழியில் ஆணையிட்டார். அதே அலைவரிசையைச் செவிமடுத்திருந்த பிரிட்டானிய வானோடிகளுக்கு அம்மொழி விளங்காது. மனிதர் பதறும்போது தாய்மொழிக்குத் திரும்புவது இயல்பு. அதனைக் குற்றமெனச் சொல்லிவிட்டு அமைவதில் பயனில்லை. சீட்டும் வாய்மொழியுமே துணையாக ஒருவர் எத்தனை வானூர்திகளைத் தாங்க இயலும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கணினிகள் நிலையங்களிடையே நேரடியாகச் செய்தி பரிமாறிக் கொள்ளும் முறை இவ்வினாவிற்கு விடையாக வளர்ந்தது. ஒரு வானூர்தி எல்லையை அணுகுமுன், அது எந்நேரத்தில் எவ்வுயரத்தில் வரும் என்பதை அடுத்த நிலையத்தின் திரைக்கு இந்நிலையத்தின் கணினியே அனுப்பிவிடும். 1990களில் பிரசல்சில் ஒரு நடுவண் அலுவலகம் அமைந்தது. பறப்புத் திட்டங்களைப் பெற்று, பிழை நீக்கி, உரிய நிலையங்களுக்குப் பகிர்வதும், வானம் நிரம்பி வழியாதவாறு புறப்படும் நேரத்தை வரையறுப்பதும் அதன் பணி.

ஆயினும் தொலைபேசி தேவையற்றுப் போகவில்லை. 2002 சூலை 1 ஆம் நாள் இரவு, செருமனியின் ஊபர்லிங்கன் நகரின்மேல் உருசியப் பயணிகள் வானூர்தி ஒன்றும் சரக்கு வானூர்தி ஒன்றும் மோதி 71 பேர் மாண்டனர். அவருள் பலர் விடுமுறைக்குச் சென்றுகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். நிலம் செருமனியினுடையது, அதன் மேலிருந்த வானத்தைக் காத்ததோ சுவிட்சர்லாந்தின் சூரிக் நிலையம். அங்குக் கட்டுப்பாட்டாளர் ஒருவரே இரு மேசைகளைக் கவனித்து வந்தார். பராமரிப்புப் பணியின் பொருட்டு முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று இணைப்போ பழுதுபட்டிருந்தது. கார்ல்சுரூ நிலையத்தின் திரையில் அபாய அறிவிப்புத் தோன்றியது. அங்கிருந்தோர் சூரிக்கை மீண்டும் மீண்டும் அழைத்தனர், இணைப்புக் கிட்டவில்லை. எல்லைக்கு அப்பால் கண்ணாற்கண்ட ஒன்றைச் சொல்ல வழியின்றி அவர்கள் அமர்ந்திருந்தனர். உருசிய வானூர்தியின் மோதல் தடுப்புக் கருவி 'ஏறுக' என்றது. கட்டுப்பாட்டாளரோ 'இறங்குக' என்றார். கருவி என்ன சொல்லிற்று என்பதை அவர் அறிவதற்கு வழியில்லை. வானோடிகள் மனிதக் குரலுக்குச் செவிசாய்த்தனர். 2004 இல், குடும்பத்தை இழந்த தந்தை ஒருவர் அக்கட்டுப்பாட்டாளரைக் கொன்றார். பழியின் பெரும்பகுதி நிருவாகத்தின் ஏற்பாடுகளைச் சாரும் என்று விசாரணை காட்டியிருக்க, அவ்வுயிரும் வீணே போயிற்று.

குரல்வழித் தொடர்புக்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். இருவர் பேசின் இரைச்சலே மிஞ்சும். வானம் நெருக்கமாக, பேச இடம் கிடைக்காத நிலை வந்தது. 1999 இல் மேல்வான அலைவரிசைகளை மூன்றாகப் பகுத்துப் பார்த்தனர். அஃதும் போதாமையின், பேச்சையே எழுத்தாக்க முற்பட்டனர். 1990களின் நடுவில் தொடங்கிய சோதனைகளுக்குப்பின், 2003 முதல் மாசுட்ரிக்டு இம்முறையை அன்றாடப் பணியில் மேற்கொண்டது. கட்டுப்பாட்டாளர் 'இவ்வுயரத்திற்கு ஏறுக' என்னும் ஆணையைத் திரையில் தேர்ந்து விடுக்க, அது வானோடியின் முன்னுள்ள சிறு திரையில் தோன்றும். அவர் 'அவ்வாறே செய்கிறேன்', 'இயலாது', 'சற்றுப் பொறுக்க' என்பவற்றுள் ஒன்றை அழுத்தி விடையளிப்பார். வானோடி ஒருவரின் ஒலிவாங்கி சிக்கிக்கொண்டு அலைவரிசை முழுவதும் அடைபட்டுப்போனால், ஒலிவாங்கியைச் சரிபார்க்குமாறு அனைவருக்கும் எழுத்தால் அறிவிக்கவும் இதில் வழியுண்டு.

ஐரோப்பிய ஆணையம் 2009 இல் இதனைச் சட்டமாக்கி, 28,500 அடிக்கு மேற்பறக்கும் வானூர்திகளுக்கு 2015 பிப்ரவரியைக் கெடுவாக விதித்தது. ஆனால், அவ்வளவு வானூர்திகளும் ஒரே தரவு அலைவரிசையை நாடியபோது இணைப்புகள் இடையிடையே அறுந்தன. குரலின் நெரிசலுக்கு மருந்தாக வந்த முறை தானே நெரிசலில் சிக்கியது. கூடுதல் அலைவரிசைகள் தேவையென்று கண்டு, கெடு 2020 பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது. இன்றும் அவசரமற்ற ஆணைகளே எழுத்தாற் செல்கின்றன. நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டியவை குரலாலேயே கூறப்படுகின்றன. ஊபர்லிங்கனை நினைவிற்கொள்வோர் இதனைப் பின்னடைவென்று கூறார்.

தரைக் கணினிகளின் உரையாடலும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2018 ஏப்ரல் 3 இல் பிரசல்சின் நடுவண் கணினி செயலிழந்தபோது, அன்று எதிர்பார்க்கப்பட்ட ஏறத்தாழ 29,000 பறப்புகளுள் பாதி தாமதமுறக்கூடும் என அறிவிக்கப்பட்டது. 2023 ஆகசுடு 28 இல் பிரிட்டனில் நேர்ந்தது அதனினும் விந்தையானது. லாசு ஏஞ்சலிசிலிருந்து பாரிசுக்குச் செல்லும் ஒரு பறப்புத் திட்டம் பிரசல்சு வழியாகப் பிரிட்டானியக் கணினியை அடைந்தது. அதன் வழித்தடத்தில் 'டி.வி.எல்.' என்னும் மூவெழுத்துப் பெயர் இரு முறை இடம்பெறுவதாயிருந்தது: ஒன்று அமெரிக்காவின் வட டகோட்டாவிலுள்ள டெவில்சு லேக், மற்றொன்று பிரான்சின் தோவில். நெடுந்தொலைவு இடைவெளியிட்டு ஒரே பெயரை இரு வழிகாட்டி நிலையங்கள் தாங்குவது விதிக்கு மாறன்று. கணினியோ பிரான்சை விடுத்து அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. அவ்வாறு கொள்ளின் வானூர்தி பிரிட்டனுக்குள் நுழையுமுன்பே வெளியேறியதாகப் பொருள்படும். பொருந்தாத செய்தியைக் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்புவதைவிட நின்றுவிடுவதே பாதுகாப்பு என்ற நெறிப்படி முதற்கணினி நின்றது. உடனே மாற்றுக் கணினி அதே திட்டத்தை எடுத்தது. அதே முடிவுக்கு வந்து அதுவும் நின்றது. இவ்வளவும் 20 நொடிகளுக்குள் முடிந்தது.

சேமிப்பில் நான்கு மணி நேரத்திற்குரிய திட்டங்கள் இருந்தன. அவை தீருமுன் பழுதைக் கண்டறிய இயலவில்லை. அன்று பொது விடுமுறை. உரிய பொறியாளர் நிலையத்தில் இல்லை. தொலைவிலிருந்து முயன்று தோற்று, அவர் நேரில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அலுவலர்கள் பறப்புத் திட்டங்களைக் கையாற் பதிவு செய்தனர்; மணிக்கு 60 அளவிலேயே அவர்களால் முடித்தற்கு இயன்றது. ராடார் அன்று பழுதுபடவில்லை, வானொலியும் ஓயவில்லை. எந்த வானூர்தி எப்போது வரும் என்னும் செய்தி மட்டுமே நின்றுபோயிருந்தது; 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகளின் பயணம் தடைப்பட்டது.