பல்லாவரத்து மண் பெட்டி

பல்லாவரம் என்றால் நமக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. படித்தவர்களுக்கு 1863 மே 30: நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரியைக் கண்டெடுத்த நாள். இந்த வாரம் அதே ஊரின் குன்றுப் பக்கம் போவோம். 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியபோது வெளியே வந்தது சுட்டமண் தொட்டி ஒன்று. ஆள் படுக்கும் நீளத்தில் தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இறந்தவரை வைக்கும் ஈமப்பேழை. செங்கல்பட்டுப் பக்கம் சானூரிலும் கல்வட்டங்களுக்குள் இதே சாதிப் பேழைகள் உண்டு.

அதற்கு ஏன் கால்கள்? சூளையில் அடிப்பாகமும் சீராக வேக வேண்டும் என்ற குயவரின் கணக்காக இருக்கலாம். எனக்கென்னவோ அது மட்டும் காரணமாகப் படவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கடப்பைப் பக்கத்துச் சங்கவரம் பேழையைப் பாருங்கள். ஆட்டுத் தலையோடு நிற்கிறது. கால் முளைத்த பெட்டி எங்கோ புறப்படத் தயாரானது போலத்தான் தெரிகிறது.

எங்கே புறப்பட்டது? எகிப்தியர் இப்படிப்பட்ட கேள்விக்குப் பதிலை எழுதியே வைத்தார்கள். மறு உலகத்திலும் வயல்வேலை உண்டு. கூப்பிட்டால் போயாக வேண்டும். அதற்காக உஷப்தி என்ற சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள். கையில் மண்வெட்டி, முதுகில் விதைப்பை. பெயருக்கே 'பதில் சொல்பவர்' என்று பொருள் சொல்வார்கள். நண்பனுக்காக வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வோமே, அதே வேலை! பிற்காலத்தில் நாளுக்கொன்றாக 365 பொம்மைகள், மேலே பத்துக்கு ஒரு மேஸ்திரியாக 36. துட்டன்காமன் கல்லறையில் மட்டும் 413.

இந்த மண் பேழைகளின் காலமான நம் பெருங்கற்காலத்துப் புதைகுழிகளில் இப்படி ஏவலாள் பொம்மைப் படையைக் காணோம். இருப்பது கறுப்பு சிவப்புக் கிண்ணம், இரும்புக் கருவி, பல இடங்களில் முழு உடல்கூட இல்லாமல் பொறுக்கிச் சேர்த்த எலும்புகள். போனவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்களோ? அவர்கள் எழுதி வைக்காததால் இது என் ஊகம்தான்.

எழுத்து பிறகு வந்தது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிக்கொண்ட பல்லிபோல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவளாம். அவனைப் புதைக்கும் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யச் சொல்கிறாள், தனக்கும் சேர்த்து.