பொறி மாறிய பருவம்

மோட்டார்ப் பந்தயத்தின் வெற்றி தோல்விகள் பல, பந்தயமில்லாத மாதங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. 1966ஆம் ஆண்டு உலகப் போட்டிக் கார்களின் பொறிக் கொள்ளளவு 1.5 லீற்றரிலிருந்து 3 லீற்றராக உயர்த்தப்பட்டது. பிரித்தானிய அணிகள் பலவற்றுக்குப் பொறி வழங்கிவந்த கொவென்றி கிளைமாக்ஸ் நிறுவனம் விலகிக்கொண்டது. அவுஸ்திரேலியரான ஜக் பிரபாம் தம் தாய்நாட்டு றெப்கோ நிறுவனத்தை நாடினார். அது ஆக்கிய பொறி பெராரியின் பொறியிலும் வலுக் குறைந்தது. ஆயினும் பாரம் குறைந்தது, இடைவழியிற் கைவிடாதது. நாற்பதாவது வயதில், தம் பெயர் தாங்கிய காரிலேயே பிரபாம் உலக வாகை சூடினார்.

மறு ஆண்டு அவ்வணியின் மற்றைச் சாரதி டெனி ஹல்ம் அப்பட்டத்தை வென்றார்; 1968இல் மக்லாரன் அணிக்குச் சென்றார். அவ்வாண்டில், கூடிய வலுவுக்காக றெப்கோ அமைத்த புதுப் பொறி அடிக்கடி பழுதுற்றது. 1969இல் பிரபாம், எதிரணிகள் கைக்கொண்ட கொஸ்வேர்த் பொறியையே தாமும் ஏற்றார். தாய்நாட்டுப் பொறியாற் பெற்ற புகழும் அம்மாற்றத்தைத் தடுக்கவில்லை.