அருளர் இசைச் சுற்றுப்பயணம்

அருளர் இசைச் சுற்றுப்பயணம் என்பது ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. (மாதங்கி ‘மாயா’ அருட்பிரகாசம், பிறப்பு 18 ஜூலை 1975) தமது முதல் ஆல்பமான ‘அருளர்’ வெளியானதையொட்டி நடத்திய மேடை நிகழ்ச்சிகளின் தொடர். 2005 தொடக்கத்தில் வட அமெரிக்காவில் சூடுபிடித்து, ஐரோப்பாவுக்கும் பிற கண்டங்களுக்கும் போய், 2006 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த ‘பிக் டே அவுட்’ விழா வரை நீண்டது. ராப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசில் சேரிகளின் ஃபங்க், லண்டன் தெருக்களின் கிரைம் (grime) இசை எல்லாம் கலந்தவை அவர் பாட்டுகள். ஆல்பத்துக்குப் பின்னால் பயணம் போவதுதான் வழக்கம். இங்கே பாட்டுகள் முன்னால் ஓடின, ஆல்பம் பின்னால் வந்து சேர்ந்தது.

‘அருளர்’ என்பது பாடகியின் தந்தை அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயர். 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழ விடுதலை அமைப்பின் நிறுவனர்களில் அவர் ஒருவர். ஈழ இலக்கியம் படித்தவர்களுக்கு அவரை வேறு விதத்திலும் தெரியும். 1977 கலவரத்தில் தப்பிய தமிழர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலைக் களமாக வைத்து ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர் அவர்தான். மகள் பிறந்தது லண்டன் ஹவுன்ஸ்லோவில். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போனார். போர் முற்றியபோது கொஞ்ச காலம் சென்னையில் இருந்தார். 1986இல் தாய் கலாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பி, மிட்சம் (Mitcham) பகுதியின் அரசுக் குடியிருப்பொன்றில் வளர்ந்தார். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். தந்தை உடன் இல்லை. ஆல்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் இணையத்தில் தேடும்போதாவது அப்பா கண்ணில் படும் என்று நினைத்ததாக அவர் பேட்டிகளில் சொன்னதுண்டு. கண்ணில் பட்டது. பெயரை மாற்றச் சொல்லித் தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் மாற்றவில்லை.

எம்.ஐ.ஏ. இசைப் பயணம் ஒன்றில் முதன்முதலாகப் போனது பாடகியாக அல்ல, கேமராவோடு. சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கல்லூரியில் நுண்கலை, திரைப்படம் படித்தவர் அவர். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் 2000இல் வந்த தம் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்யச் சொன்னார். பிறகு அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கவும் கூட்டிப்போனார். அதே மேடைகளில் முன்நிகழ்ச்சி நடத்திய பீச்சஸ் என்ற பாடகிதான் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக் கருவியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மேசைமேல் வைத்துப் பொத்தானைத் தட்டினால் தாளமும் அடிநாதமும் சுழன்றுவரும் பெட்டி அது. முறையாக இசை படிக்காதவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ‘கலாங்’ பாட்டின் மாதிரி வடிவம் அந்தப் பெட்டியில்தான் பிறந்தது. 2003இல் அதை இசைத்தட்டாக 500 பிரதி மட்டும் போட்டார்கள். அடுத்த ஆண்டு எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

ஆல்பம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இடைப்பட்ட நேரத்தில், 2004 டிசம்பரில், டிப்லோ என்ற அமெரிக்க டி.ஜே.யோடு சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் வந்தது. ‘திருட்டுப் பிரதி பயங்கரவாதத்துக்குப் பணம் தருகிறது’ என்பது அதன் தலைப்பின் பொருள். பிறர் பாட்டுகளை அனுமதி வாங்காமல் வெட்டி ஒட்டியிருந்ததால் கடையில் விற்க வழியில்லை. கைமாறியும் இணையம் வழியாகவும் பரவியது. நியூயார்க்கர் இதழ் அதற்கு முந்தைய மாதமே அவரைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டிருந்தது. 2005 பிப்ரவரியில் டொரன்டோவின் டிரேக் ஹோட்டலில் அவர் வட அமெரிக்காவில் தம் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது, ஆல்பம் வெளிவர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் கூட்டத்தில் பலருக்கும் பாட்டு வரிகள் மனப்பாடம். அதே மாதம் நியூயார்க்கிலும் பாடினார். ஆல்பம் அமெரிக்காவில் மார்ச் 22 அன்று வந்தது. பிரிட்டனில் அதற்கும் சுமார் ஒரு மாதம் கழித்து.

மேடையில் ஆள் அதிகமில்லை. பாடகி, கூடவே பாடி ஆடும் செர்ரி, பின்னால் ஒரு டி.ஜே., அவ்வளவுதான். ஆரம்ப நிகழ்ச்சிகளில் அந்த இடத்தில் டிப்லோ இருந்தார். கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்து ஜமாக்கள் ஆர்மோனியப் பெட்டி, மத்தளம், முகவீணை, தாளத்தோடு திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகப் போய் விடிய விடிய ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, இத்தனை குறைந்த சாமானோடு கூட்டத்தைக் கட்டிப்போட முடியுமா என்ற சந்தேகம் வராது. குரலும் காலும் ஓயாமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஏப்ரல் கடைசியில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் அது நிரூபணமானது. கூடாரத்துக்குள் நடந்த நிகழ்ச்சி முடிந்தும் கூட்டம் கலையவில்லை. கத்திக்கொண்டே நின்றார்கள். விழாக் கூடாரங்களில் நேரம் நிமிடக் கணக்கில் ஓடும், அடுத்த குழு தயாராக நிற்கும். ஆகவே ஒருவரை மறுபடி மேடைக்கு அழைப்பது அங்கே அபூர்வம். அவர் திரும்பி வந்து பாடினார். பயணத்தின் உச்சம் என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்லலாம். அதே வசந்த காலத்தில் எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழுவோடு அமெரிக்க நகரங்களில் கூட்டு நிகழ்ச்சிகளும் நடந்தன.

பாட்டைவிடப் பின்னணி அதிகம் பேசப்பட்டதுதான் இந்தப் பயணத்தின் சங்கடம். ‘கலாங்’ வீடியோவில் அவரே வரைந்த ஸ்டென்சில் படங்கள் பின்னணியில் ஓடின: டாங்கிகள், குண்டுகள், பனைமரங்கள், புலி. தென்னிந்தியக் காட்டில் ராஜேஷ் டச்ரிவர் வீடியோ எடுத்த ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்டிவி தயங்கியது. அமெரிக்காவில் 1997இலும் பிரிட்டனில் 2001இலும் விடுதலைப் புலிகள் தடைசெய்யப்பட்டிருந்த காலம். இலங்கையில் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் பெயரளவில் நீடித்தது, சுனாமி அடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் விமர்சகர்கள் அவருடைய அரசியலை வைத்துச் சண்டை போட்டார்கள். ராபர்ட் கிறிஸ்ட்காவ் எழுதியது அவற்றில் நிதானமானது. ஈழப் பிரச்சினை என்ன என்று வாசகருக்குச் சொல்ல அவர் முயன்றார். மற்ற பத்திரிகைகள் பலவும் தந்தையைப் ‘புலி’ என்றே எழுதிவிட்டுப் போயின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது யாழ்ப்பாணத்துச் சந்தியில் எவரும் சொல்லக்கூடிய விஷயம். பாடகியும் புலிப் படத்தைப் போட்டுவிட்டு விளக்கம் தரச் சிரமப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் பாட்டுகள் கொள்கை விளக்கங்கள் அல்ல. போரைச் சின்ன வயதில் பார்த்த ஒருத்தியின் துண்டு துண்டான நினைவும் லண்டன் தெருவின் கிண்டலும் அவற்றில் கலந்து கிடக்கின்றன. நடனக் கூடத்தில் கேட்கும்போது அது உடனே பிடிபடும், காகிதத்தில் வரிகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும்போது நழுவிவிடும்.

விற்பனை சுமார்தான். பிரிட்டிஷ் பட்டியலில் 98ஆம் இடம், அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 190ஆம் இடம். ஆனால் ஜூலையில் மெர்க்குரி பரிசுக்கு ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு ஆன்டனி அண்ட் தி ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது. அமெரிக்க விமர்சகர்களிடம் வில்லேஜ் வாய்ஸ் எடுக்கும் ஆண்டு வாக்கெடுப்பில் கான்யே வெஸ்டுக்கு அடுத்து இரண்டாம் இடம் கிடைத்தது. ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாடகி க்வென் ஸ்டெஃபானியின் ‘ஹராஜுக்கு லவ்வர்ஸ்’ பயணத்தில் முன்நிகழ்ச்சி நடத்தினார். பெரிய உள்ளரங்குகளில், வேறு பாடகிக்காகச் சீட்டு வாங்கியவர்கள் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாடுவது கிளப்பில் பாடுவதுபோல் இருக்காது. ஆனால் ‘கலாங்’ என்ற சொல்லை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்ததில் அதற்கும் பங்குண்டு.

2006இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. அடுத்த ஆல்பத்தை அங்கே உட்கார்ந்து முடிக்கும் திட்டம் கலைந்து, இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் பதிவு நடந்தது. சென்னையில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்த அடிகள்தாம் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளில் கேட்பவை. தாயின் பெயரைத் தாங்கிய ‘கலா’ 2007 ஆகஸ்டில் வந்தது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஏ.ஆர். ரகுமானோடு செய்த ‘ஓ சாயா’ பாட்டு 2009இல் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்கள் தனி ஆல்பத்தோடு மேற்கத்திய மேடைகளில் ஏறுவது அதன்பின் புதுமையாகத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்தில் வளர்ந்த சோல் பாடகி பிரியா ராகு 2023இல் தம் முதல் ஆல்பத்துக்குத் தமிழிலேயே ‘சந்தோசம்’ என்று பெயர் வைத்தார். எம்.ஐ.ஏ.யின் முதல் பயணப் பாதையில் சென்னையோ யாழ்ப்பாணமோ இடம்பெறவில்லை. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் தொடக்க விழாவில் அவர் பாடியபோதுதான், கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்க்கிற தூரத்துக்கு அந்த மேடை வந்தது.