சர்வதேச மாணவர் நிகழ்ச்சிகளில் பண்பாட்டு வேறுபாடுகள்

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் மாணவர் சங்கங்களும் நடத்தும் வரவேற்பு, விருந்து, விழா முதலியவை சர்வதேச மாணவர் நிகழ்ச்சிகள் எனப்படும். உணவு, சமயம், அரசியல் நினைவு எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள் ஒரே கூடத்தில் கூடுவதால், எவரும் ஒதுங்கி நிற்காமலும் காட்சிப்பொருளாகாமலும் பார்த்துக்கொள்வது ஏற்பாட்டாளரின் முதல் கவலை. நாளையும் உணவையும் முடிவுசெய்யும் கூட்டத்தில் அந்த மாணவர்களும் உட்கார்ந்திருந்தால் இந்தக் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தோற்றம்

1909இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. பணியாளராக இருந்த ஹாரி எட்மண்ட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படியில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் சொன்னார். ஊருக்கு வந்து மூன்று வாரமாகியும் தம்மிடம் வாய்திறந்து பேசிய முதல் ஆள் அவர்தான் என்றார் மாணவர். அதன்பின் எட்மண்ட்ஸும் அவர் மனைவி புளோரன்ஸும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறுதோறும் உணவுக்கு அழைத்தனர். கூட்டம் பெருகி ஒரு சங்கமாயிற்று. இளைய ஜான் டி. ராக்ஃபெல்லரின் நிதியுதவியுடன் 1924இல் நியூயார்க் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ திறக்கப்பட்டது. 1930இல் பெர்க்லியிலும் 1932இல் சிகாகோவிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன.

பெர்க்லி இல்லத்துக்கு பீட்மாண்ட் அவென்யூவைத் தேர்ந்தது வேண்டுமென்றே செய்தது. வெளிநாட்டாரையும் வெள்ளையரல்லாதாரையும் சேர்க்காத மாணவர் குழாம்களின் வீடுகள் இருந்த தெரு அது. பல இனத்தவர், அதிலும் ஆணும் பெண்ணும், ஒரே கூரையின்கீழ் வாழப்போகிறார்கள் என்றதும் அக்கம்பக்கத்தார் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் இல்லம் அங்கேயே கட்டப்பட்டது.

எட்மண்ட்ஸின் ஞாயிறு விருந்தில் மேடை இல்லை; ஒவ்வொருவரும் தம் நாட்டை நடித்துக்காட்டவும் வேண்டியதில்லை. இன்று பரவலாக உள்ள ‘பண்பாட்டு இரவு’ இதற்கு நேர்மாறு: நாட்டுக்கொரு கடை, ஒரு கொடி, ஒரு நடனம். ஏற்பாடு செய்ய எளிது, புகைப்படத்துக்கும் நன்று. ஆனால் தனியொருவராக வந்திருக்கும் மாணவர், தமக்கு ஆடத் தெரியாத நடனத்துக்குப் பொறுப்பாளியாகிவிடுகிறார்.

நாள்

தேதி குறிப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும். சென்ற ஆண்டு விருந்துக்குப் பொருந்திய வாரம் இந்த ஆண்டு நோன்புக்குள் விழலாம். 2026இல் சீன, கொரிய, வியட்நாமிய மாணவர்களின் சந்திரப் புத்தாண்டு பிப்ரவரி 17இல் வந்தது. ஓரிரு நாளில் ரமலான் நோன்பு தொடங்கிவிட்டது. அந்த வாரத்தில் புத்தாண்டு விருந்தை மதியம் வைத்தால் நோன்பிருப்போர் வரமாட்டார்கள். சூரியன் மறைந்தபின் வைத்து, முதலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் பரிமாறினால் இரு சாராரும் ஒரே மேசையில் உண்ணலாம்.

ஏப்ரல் நடுப்பகுதி இதைவிட எளிது. தாய்லாந்தின் சொங்கிரான், மியான்மரின் திஞ்ஞான், கம்போடிய, லாவோஸ் புத்தாண்டுகள், இலங்கையின் சிங்கள–தமிழ்ப் புத்தாண்டு, வங்காள, நேபாளப் புத்தாண்டுகள், நம் சித்திரை முதல் நாள் ஆகியவை சில நாள் இடைவெளிக்குள் வருகின்றன. எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமாகாத விழா என்பதால் கூட்டாக நடத்தப் பொருத்தமானது. தண்ணீர் விளையாட்டுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்க வேண்டும். சொங்கிரானில் வாளித் தண்ணீரை ஊற்றுவது வழக்கம், பட்டுப்புடவையில் வந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

உணவு

‘சைவம்’ என்று அட்டை எழுதி வைப்பது போதாது. தாய், வியட்நாமிய உணவில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்வதுண்டு. கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீனோ இருக்கும். மிட்டாயில் உள்ள ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவதாக இருக்கலாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களில் நோன்பு காப்போர் பெரும்பாலான புதன், வெள்ளிகளில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். சமண மாணவர் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒதுக்கலாம். ஆகவே பெயரட்டையில் பதார்த்தத்தின் பெயரைவிட அதில் சேர்ந்த பொருள்களை எழுதுவதே பயன்படும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி வேண்டும். மாட்டுக்கறிப் பாத்திரத்தில் இட்ட கரண்டி பருப்பில் விழுந்தால் பாதிப்பேர் பசியோடு திரும்புவார்கள். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அறிமுக நிகழ்ச்சியை மதுக்கூடத்தில் வைப்பதும் இத்தகைய தவறே. குடிக்காதவர் அழைப்பைப் பார்த்ததுமே விலகிவிடுகிறார்.

கொடி

கொடிகளைக் கடையில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் அலுவலகங்களுக்குச் சிக்கல் எப்போதும் உண்டு. மியான்மர் 2010இல் கொடியை மாற்றியது; சிரியாவில் 2024 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் கொடி மாறியது. 2021 ஆகஸ்டுக்குப் பின் காபூலில் பறப்பது தாலிபானின் வெள்ளைக் கொடி. வெளிநாட்டில் படிக்கும் ஆப்கன் மாணவர் பலர் கறுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியையே தமதாகக் கருதுகின்றனர். தைவான் வீரர்கள் ஒலிம்பிக்கில் ‘சீன தைபே’ என்ற பெயரில், வேறு கொடியுடன் பங்கேற்கிறார்கள். கொடிகளை அடியோடு விலக்கி, பெயரட்டையில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதச் சொல்வது ஒரு வழி. கொடியே தம் நாட்டின் கடைசி மிச்சம் என்று எண்ணும் மாணவருக்கு அதுவும் வலிக்கும் என்பதால், முன்கூட்டியே கேட்டறிவதே மேல்.

இந்தியாவில்

1950இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நிறுவிய இந்திய கலாச்சார உறவுகள் கவுன்சில் பல நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அவர் பிறந்த நவம்பர் 11ஐச் சர்வதேச மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. 2021–22 அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 46,878 வெளிநாட்டு மாணவர்கள் படித்தனர். இவர்களில் 28 விழுக்காட்டினர் நேபாளிகள். தோற்றத்திலும் மொழியிலும் நெருக்கமானவர்கள் என்பதால் ஏற்பாட்டாளர் கண்ணில் இவர்கள் ‘வெளிநாட்டவராக’ப் படுவதே அரிது. அவர்களின் பெருவிழாவான தசைன் நம் நவராத்திரியோடு சேர்ந்து வருகிறது. ஆயுத பூசை விடுமுறைக்கு உள்ளூர் மாணவர்கள் ஊருக்குப் போனதும் விடுதி வெறிச்சோடி மெஸ்ஸும் சுருங்கும். ஊருக்குப் போக முடியாதவருக்கு நிகழ்ச்சி மிகவும் தேவைப்படும் வாரம் அதுதான்.