பித்தளைப் பாம்பு

1670இல் அரசப் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, வட அமெரிக்கப் பழங்குடியினர்க்கு மென்மயிர்த் தோலுக்கு ஈடாகத் துப்பாக்கி விற்றது. 19ஆம் நூற்றாண்டில் அத்துப்பாக்கிகளின் பக்கவாட்டில் பித்தளைப் பாம்பொன்று பதிந்திருந்தது. பாம்பில்லாத துப்பாக்கியை வேட்டையாடுவோர் ஐயுற்று ஒதுக்கினர்.

இன்று அதனை மரபு வழியில் மீண்டும் படைக்கும் கைவினைஞர், இரும்புத் தகட்டைக் கொல்லுலையில் காய்ச்சிச் சுருட்டி, விளிம்புகளை அடித்திணைத்துக் குழலாக்குகின்றனர். கையுறை அணிந்த விரலும் நுழையுமாறு விசைக்காப்பு வளையத்தை அகலமாக வளைக்கின்றனர். பாம்பை வார்த்து அரத்தால் தேய்த்துச் செப்பமிடுகின்றனர்.

தீக்கல் பொறியின் திருகாணிகளைத் தாங்கும் அத்தகடு எவ்வடிவிலும் அமையலாம். குண்டு பாயப் பாம்பு தேவையன்று. இலண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கி செய்தோர் அதனைக் கைவிடாமைக்குக் காரணம், கடலுக்கப்பால் வாங்கியோரின் உறுதியே. கம்பெனியின் வரலாற்றில் பெயரின்றி நிற்கும் அவ்வேட்டுவர்தம் சொல்லை, இன்றைய கைவினைஞரின் அரம் செதில் செதிலாக மீட்டெழுதுகிறது.