பாதி பாட்டில் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2004-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. உணவகத்தில் முழுச் சாப்பாட்டோடு ஒரு பாட்டில் ஒயின் வாங்கியவர், குடித்தது போக மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் சும்மா கையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடைக்காரர் பாட்டிலை மூடி, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பையில் போட்டு ஒட்டித் தரவேண்டும். வழியில் யாராவது பிரித்தால் அது பிரிக்கப்பட்டது என்று தெரிந்துவிட வேண்டும்.

மீந்துபோன பிரியாணியை பார்சல் கட்டுவதற்குக் கூட ஒரு சட்டமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் இதன் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முழு பாட்டிலுக்கும் காசு கொடுத்தாயிற்று. எடுத்துப் போகவும் கூடாது என்றால் என்ன செய்வார்கள்? வீணாக்க மனம் வராமல் அங்கேயே குடித்து முடித்துவிட்டு, அப்படியே காரை எடுப்பார்கள். அந்தக் கடைசி இரண்டு கிளாஸைத் தடுக்கத்தான் அந்தப் பை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புதுக்கோட்டையில் ஒயின் குடிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் (ஆனாலும் மதுக்கடைக்கு மக்கள் வைத்த பெயர் என்னவோ 'ஒயின் ஷாப்'தான்!). ஆனால் வாங்கிய இடத்திலேயே குடிக்க வேண்டுமா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி இங்கேயும் உண்டு. அதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் கள், சாராய வியாபாரத்தைக் கட்டுப்படுத்தியது. உரிமம் பெற்ற கடையில்தான் விற்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அனுமதிச்சீட்டு இல்லாமல் யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது. கள்ளுக்கு இந்த அளவெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை, அது மறுநாளே புளித்துவிடும். கடையிலேயே குடித்து முடிப்பதுதான் வழக்கம். புதுக்கோட்டையோ அப்போது தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சி, நடுவில் தனிச் சட்டம், தனி நிர்வாகம்.

1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர்). அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அரசுக்கு வருமானம் போயிற்றே, அதை எப்படி ஈடுகட்டுவது? 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவிலேயே இப்படி ஒரு வரி அதுதான் முதல். வணிகவியல் மாணவர்கள் இன்றைக்கு வரிப் பாடத்தோடு மல்லுக்கட்டுவதற்குப் பின்னால் சேலத்துக் கள்ளுக்கடைகளுக்கும் ஒரு பங்கு உண்டு!

1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. ஏழு மாதம் கழித்து, அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ராஜா போன ஆண்டே மதுவும் போயிற்று.

அதன் பிறகு ஏறக்குறைய 23 ஆண்டுகள் பாட்டில் என்பது ஒரு தனி ஆளின் பெயரோடு கட்டப்பட்ட பொருள். உடல்நலக் காரணம் போன்றவற்றுக்காக 'பெர்மிட்' வாங்கியவர்தான் சட்டப்படி குடிக்கலாம். மிச்சம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊற்றிக் கொடுக்க முடியாது. 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 92 வயது ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பலனில்லை. ஆனால் அதே அரசு 1973, 1974-ஆம் ஆண்டுகளில் கடைகளைத் திரும்ப மூடியது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-ஆம் தேதி. ஆக, மாவட்டம் பிறந்த ஆண்டும் மதுவிலக்கு திரும்பிய ஆண்டும் ஒன்றே.

1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மீண்டும் திறந்தன. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனையும் நடப்பது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? அதே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான்!

இந்த ஏற்பாட்டில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. டாஸ்மாக் கடை, மூடி உடையாத பாட்டிலை விற்கிறது. அதை ஒட்டிய பாரை ஏலம் எடுத்தவர் மது விற்கக் கூடாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில்களைச் சேகரிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே பாரில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது அவர் காசு கொடுத்து வாங்கிய அவருடைய சொந்தச் சரக்கு. மீந்தால் அதுவும் அவருடையதே. நட்சத்திர ஓட்டலிலும் கிளப்பிலும் நிலைமை வேறு. அங்கே உரிமம் பரிமாறுவதற்குத்தான். வெளியே கொண்டுபோகும்படி சில்லறையில் விற்கும் உரிமை டாஸ்மாக்குக்கு மட்டுமே. பல ஆயிரம் ரூபாய்க்கு ஒயின் வாங்கி பாதியில் எழுந்திருப்பவரை விட, 180 மில்லி குவார்ட்டரை மடியில் செருகிக்கொண்டு கிளம்புபவரின் நிலை மேல்!

ஆனால் நடைமுறையில் மிச்சம் வைப்பவர் அபூர்வம். குவார்ட்டரே சிறிய பாட்டில். அதுவும் அதிகம் என்றால் 'கட்டிங்' இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர் கடை வாசலில் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, 90 மில்லியாகப் பிரித்துக் குடித்துவிட்டு, பெயர் கூடக் கேட்காமல் பிரிந்து போவார்கள். நியூயார்க் பை போட்டு ஒட்டித் தீர்த்த பிரச்சினையை நம்ம ஊர் பங்கு போட்டுத் தீர்த்துக்கொண்டது. ஆனால் அந்தப் பை தடுக்க நினைத்த விஷயத்தை கட்டிங் தடுக்காது. 90 மில்லி குடித்தவரும் பைக்கில்தான் வீட்டுக்குப் போகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடை என்றால் பாட்டில் விற்கும் கடை மட்டும்தானா, உட்கார்ந்து குடிக்கும் பாரும் ஓட்டலும் சேருமா என்று கேள்வி எழுந்தது. எல்லாம் சேரும் என்று 2017 மார்ச் 31-ஆம் தேதி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நியாயம்தானே, பாட்டிலோடு வண்டி எடுப்பவரை விட, குடித்து முடித்து வண்டி எடுப்பவரால்தான் ஆபத்து அதிகம். பிறகு அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று தளர்த்தப்பட்டது.

2022-இல் நீலகிரியில் இன்னொரு ஏற்பாடு வந்தது. காடுகளில் உடைந்த கண்ணாடி குவிவதால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அது வேறு மாவட்டங்களுக்கும் போயிற்று. அந்த 10 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால் பாட்டில் முதலில் காலியாக வேண்டும்.